காய்ந்து கிடக்கும் கால்வாய்தான் இங்கே ஆறு: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் சித்திரை மாதம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காய்ந்த தரைதான். நடுநடுவே ஒரு நீளமான மண்மேடு, கருவேல மரங்கள், புல் மேயும் மாடுகள், சாலைக்கு அடியில் ஒரு சின்ன சிமென்ட் பாலம். பாலத்துக்குக் கீழே சொட்டுத் தண்ணீர் இருக்காது. "இதுக்கு எதுக்குப்பா பாலம்?" என்றுதான் தோன்றும்.

அதே இடத்தை கார்த்திகை மாதம் ஒரு பெரிய மழைக்கு மறுநாள் பார்த்தால் கதை வேறு. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் மாதிரி தண்ணீர். சின்னப் பாலத்துக்குக் கீழே இரைச்சலோடு வெள்ளம். சில இடங்களில் பாலத்துக்கு மேலேயே வெள்ளம்.

ஹூண்டாய் முதல் ராயல் என்ஃபீல்ட் வரை பெரிய தொழிற்சாலைகள் இருக்கும் இந்தப் பகுதிக்கு ஏன் இப்படி இரண்டு முகம்? இங்கே விழும் மழை எந்த வழியாகப் போகிறது? அந்த வழியை அடைத்தால் யாருக்குப் பாதிப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தப் பகுதி இது?

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஊர்கள். ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பினால் சிங்கப்பெருமாள் கோயில் சாலை. அந்தச் சாலையும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். இதற்கு நடுவிலும் சுற்றிலும்தான் சிப்காட் தொழிற்பூங்காக்கள் இருக்கின்றன: இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், மாம்பாக்கம்.

இது காஞ்சிபுரம் மாவட்டம். இதிலிருந்து 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரிவதற்கு முன்பு இரண்டும் சேர்ந்த பகுதிக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். நீர்வளத் துறையின் பராமரிப்பில் மட்டும் காஞ்சிபுரத்தில் 381 ஏரிகளும் செங்கல்பட்டில் 528 ஏரிகளும் உள்ளன. ஊராட்சி ஒன்றியங்களின் கையில் இருக்கும் சிறிய ஏரிகள், குளம், குட்டை, தாங்கல் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இவ்வளவு ஏரிகள் எதற்கு? பதில் தரையின் அமைப்பில் இருக்கிறது.

தரை எப்படி இருக்கிறது?

காஞ்சிபுரம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் சுமார் 37 மீட்டர். அதற்குக் கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 85.4 அடி, அதாவது சுமார் 26 மீட்டர். அங்கிருந்து கிழக்கே போனால் வங்காள விரிகுடா.

மொத்தமாகப் பார்த்தால் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம்தான் சரிவு. நடந்து போகிறவருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். ஆனால் தண்ணீரும் இவ்வளவு தட்டையான தரையில் ஒரே பள்ளத்தில் வேகமாக ஓடாது. அகலமாகப் பரவி, மெதுவாக நகர்ந்து, கிடைத்த தாழ்வில் எல்லாம் தேங்கும்.

மண்ணும் ஒரு காரணம். இந்தப் பகுதியின் அடியில் இருக்கும் பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு'. களிப்பாறை, களிமண், மணற்பாறை என்று மாறி மாறி அமைந்த இந்த அடுக்கு டைனோசர் காலத்தைச் சேர்ந்தது. பழங்காலச் செடிகளின் இலைத் தடங்களும், கடல்வாழ் உயிரிகளின் படிமங்களும் இதில் கிடைத்துள்ளன. அதாவது ஒரு காலத்தில் கடல் இதுவரை வந்து போயிருக்கிறது.

கிழக்கே வண்டலூர், பல்லாவரம் பக்கம் போனால் தரையின் குணம் மாறும். அங்கே கடினமான சார்னோகைட் பாறைக் குன்றுகள். களி அதிகம் உள்ள தட்டையான தரையில் மழைநீர் சீக்கிரம் கீழே இறங்காது. மேலேயே நிற்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் நகரும். ஏரி கட்டுவதற்கு ஏற்ற தரை இதுதான்.

ஆறு எங்கே?

மேப்பில் தேடினால் இந்தத் தொழில் பகுதிக்கு நடுவே பெரிய ஆறு எதுவும் தெரியாது. தெற்கே பாலாறு, வடக்கே கூவமும் கொசஸ்தலையாறும். கொசஸ்தலையாற்றுக்கு 'பழம்பாலாறு' என்று பொருள்படும் விருத்தக்ஷீர நதி என்ற பெயரும் உண்டு. பாலாறு ஒரு காலத்தில் அந்த வழியாக வடகிழக்கே ஓடியிருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இந்தப் பெயரும் ஒரு சான்றாகச் சொல்லப்படுகிறது.

இடைப்பட்ட இடத்தில் ஆற்றின் வேலையைச் செய்வது ஏரிச் சங்கிலி. அது இயங்கும் விதம் எளிமையானது.

* சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண் கரை. மேல்பக்கம் திறந்திருக்கும். மழைநீர் அங்கே வந்து சேரும்.
* தண்ணீரை ஏரிக்குள் கொண்டுவருவது வரத்துக் கால்வாய்.
* வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகு. அந்தத் தண்ணீரில் பாசனம் ஆகும் நிலம் ஆயக்கட்டு.
* ஏரி நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் வழியும் இடம் கலங்கல். 'ஏரி கோடி போகுது' என்று ஊரில் சொல்வது இதைத்தான்.
* கலங்கலில் வழிந்த தண்ணீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோவது உபரி நீர்க் கால்வாய்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மேல் ஏரியின் உபரி நீர்க் கால்வாய்தான் கீழ் ஏரியின் வரத்துக் கால்வாய். ஓர் ஊர் வெளியேற்றும் தண்ணீர் அடுத்த ஊரின் பாசனத் தண்ணீர். இப்படிப் பல ஏரிகள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று கீழே அமைந்திருக்கின்றன. நடுவில் ஒரு கால்வாய் அடைபட்டால் இரண்டு கெடுதல் ஒரே நேரத்தில் நடக்கும். மேலே இருக்கும் ஊரில் வெள்ளம் நிற்கும், கீழே இருக்கும் ஏரி காயும்.

ஏரிகள் எவ்வளவு பழையவை? வாலாஜாபாத் பக்கம் இருக்கும் தென்னேரி, மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. திரையன் ஏரி என்ற பழைய பெயர்தான் தென்னேரி ஆனது என்பார்கள். மணிமங்கலம் என்ற ஊரின் பெயர் 7ஆம் நூற்றாண்டுப் போர் ஒன்றோடு சேர்த்துப் பல்லவர் செப்பேட்டிலேயே வருகிறது. முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் மணிமங்கலமும் ஒன்று. அந்த மணிமங்கலம் பக்கம்தான் இன்று அடையாற்றின் தொடக்கப் பகுதி.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

தோராயமாக மூன்று திசைகள்.

செம்பரம்பாக்கம் பக்கம்: ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி போன்றவை நிரம்பி வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் பாலாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் பழைய வழி கம்பன் கால்வாய். இது வழியில் பல ஏரிகளை நிரப்பிக்கொண்டே வருகிறது. வடக்கே ஜமீன் கொரட்டூரில் கூவத்தின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டிலிருந்து புதிய பங்காரு கால்வாய் வழியாகவும் செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் வரும்.

அடையாறு பக்கம்: படப்பை, ஒரத்தூர், மணிமங்கலம், ஆதனூர் பகுதி ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகாது. அது நேராக அடையாற்றில் சேர்ந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகச் சென்னைக்கு வரும். சுமார் 42 கி.மீ. நீளமுள்ள அடையாறு தொடங்குவதே இப்படி ஏரிகள் வழிவதிலிருந்துதான். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகே இதோடு கலக்கும். பிறகு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டிக் கடல்.

பாலாறு பக்கம்: வாலாஜாபாத், சிங்கப்பெருமாள் கோயில் பக்கமாகத் தெற்கே சரியும் தரையின் தண்ணீர் பாலாற்றை நோக்கிப் போகும்.

ஆக, ஒரே தொழில் பகுதியில் விழும் மழையின் ஒரு பங்கு சென்னையின் குடிநீராகிறது. இன்னொரு பங்கு எந்தக் கதவும் தடுக்காமல் நேராக அடையாற்று வெள்ளமாகிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் 'செம்பரம்பாக்கம் திறந்தாங்களா?' என்று மட்டுமே கேட்கிறோம். முடிச்சூர்க்காரர்கள் கேட்பது 'மணிமங்கலம், ஆதனூர் ஏரி நிரம்பிடுச்சா?' என்பதை.

ஓர் ஏரியின் ஓராண்டு

இங்கே ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,200 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதுவும் பல ஆண்டுகளில் நாலைந்து பெரிய மழை நாட்களிலேயே பெரும்பங்கு கொட்டிவிடும்.

ஆடி, ஆவணி: மாலை நேர இடிமழை. தரை நனையும், குட்டைகளில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஏரிக்கு வரத்து குறைவு.

ஐப்பசி, கார்த்திகை: 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று சும்மா சொல்லவில்லை. முதல் மழைகளைத் தரை குடிக்கும். தரை ஊறிய பிறகு வரும் மழை அப்படியே கால்வாயில் இறங்கும். ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கோடி போகும். ஆபத்தான நேரம் இதுதான். எல்லா ஏரியும் நிரம்பிய பிறகு வரும் புயல் மழையைப் பிடித்து வைக்க இடம் இருக்காது.

மார்கழி, தை: வரத்து நிற்கும். ஏரித் தண்ணீரை நம்பி நவரைப் பட்ட நெல் நடுவார்கள்.

பங்குனி, சித்திரை: மதகுக்குக் கீழே நீர்மட்டம் இறங்கும். ஏரியின் உள்வாய் புல்தரையாகும். ஆடு, மாடு மேய்ச்சலுக்கு இறங்கும்.

கத்திரி: உள்வாய் வெடித்துக் கிடக்கும். கால்வாய் இருந்த இடம் புதர் மண்டி, வழியோடு வழியாகக் கலந்துவிடும்.

ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் காய்ந்து கிடக்கும் ஒரு கால்வாயை, அந்த மாதங்களில் வந்து பார்க்கிறவர் 'சும்மா கிடக்குற எடம்' என்றுதான் நினைப்பார். இந்தப் பகுதியின் பெரிய பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் எப்படி?

எப்போதாவது ஓடும் ஆறு நமக்கு மட்டும் உரியது இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கில் 'சேனல் கன்ட்ரி' என்று ஒரு பகுதி. கால்வாய் நாடு என்று பொருள் சொல்லலாம். பாலைவனத்தை ஒட்டிய, ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த, பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணைகள் உள்ள இடம். கூப்பர் கிரீக், டயமன்டினா, ஜார்ஜினா என்ற ஆறுகள் அங்கே பெரும்பாலான காலம் தனித்தனி மடுக்களாகத்தான் இருக்கும். வடக்கே பெருமழை பெய்தால் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவும். அரிதாகச் சில ஆண்டுகளில் அந்தத் தண்ணீர், கடல் மட்டத்துக்கும் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் ஐர் ஏரி வரை போய்ச் சேரும்.

அங்கே பண்ணைக்காரர்கள் வெள்ளத்தைக் காத்திருந்து வரவேற்கிறார்கள். வெள்ளம் வடிந்தால் புல் முளைக்கும், மாடு தேறும். வீட்டையும் தொழுவத்தையும் மேட்டில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு உரிய இடத்தைத் தண்ணீருக்கு விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரிலும் பழைய ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான். நத்தம், அதாவது ஊர் குடியிருப்பு, மேட்டில். ஏரியும் ஓடையும் தாழ்வில். வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஏரி புறம்போக்கு, ஓடை புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை. பாலைவனத்தில் இடம் நிறைய, ஆள் குறைவு. இங்கே ஆள் நிறைய, இடத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

தொழிற்சாலைகள் வந்த பிறகு என்ன மாறியது?

1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2014இல் அது உற்பத்தியை நிறுத்தியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்ட். பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக மட்டும் 18,720 படுக்கைகள் கொண்ட தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. இந்த வளர்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தரையின் வேலை மாறிவிட்டது. ஒரு சின்ன கணக்கு. 100 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் ஏற்றினால் 3,300 லாரிகளுக்கு மேல். அந்த 100 ஏக்கர் வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தால் ஒரு பங்கை மண் குடிக்கும், ஒரு பங்கு வரப்புகளில் நிற்கும், மீதி மெதுவாகக் கால்வாய்க்கு வரும். தகரக் கூரை, கான்கிரீட் தளம், தார் ரோடு என்று ஆகிவிட்டால் கிட்டத்தட்ட எல்லாமே சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். உள்ளேயே மழைநீர்க் குளம் வெட்டியிருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

இரண்டாவது மாற்றம், சவுடு மண். தாழ்வான மனையை லாரி லாரியாகச் சவுடு கொட்டி ஒரு மீட்டர் உயர்த்திவிட்டால் அந்த மனை தப்பிக்கும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் பகுதியில் ஒரு மீட்டர் மேடு என்பது தண்ணீருக்குப் பெரிய அணை. அது பக்கத்து மனைக்கோ, பின்னால் இருக்கும் பழைய ஊருக்கோ திரும்பும்.

மூன்றாவது, சாலைகள். நான்கு வழி, ஆறு வழிச் சாலைகள் தரையைவிட உயரமாகப் போடப்படுகின்றன. சாலையின் இந்தப் பக்கத் தண்ணீர் அந்தப் பக்கம் போக இருக்கும் ஒரே வழி, அடியில் இருக்கும் சிறு பாலங்கள். அவை போதுமான அகலம் இல்லாவிட்டாலோ, குப்பையும் மண்ணும் அடைத்திருந்தாலோ, சாலையே ஏரிக்கரையாக மாறிவிடும்.

2015, 2019, 2020: ஒரே ஏரி, மூன்று காட்சிகள்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இந்த ஏரியை வைத்தே மொத்தக் கதையையும் புரிந்துகொள்ளலாம்.

2015 டிசம்பர்: நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பி, தரை ஊறிப்போயிருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கனஅடி வரை போனது. அந்த வேகத்தில் போனால் நிரம்பிய ஏரியே ஒன்றரை நாளில் காலியாகும். அதோடு மணிமங்கலம், ஆதனூர் பக்க ஏரிகளின் வெள்ளமும் சேர அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம் முதல் கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின. ஹூண்டாய், ராயல் என்ஃபீல்ட், ரெனோ – நிசான் ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. இந்த வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று அது கூறியது.

2019 ஜூன்: அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னையில் குடம் வரிசை, ஓட்டல்களில் சாப்பாடு நிறுத்தம், ஐ.டி. கம்பெனிகளில் வீட்டிலிருந்து வேலை. 

2020 நவம்பர்: நிவர் புயல் நேரத்தில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டது. 2015க்குப் பிறகு முதல்முறையாக நவம்பர் 25ஆம் தேதி ஏரி திறக்கப்பட்டது. இந்த முறை தொடக்கம் வினாடிக்கு 1,000 கனஅடி. முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாகக் கூட்டினார்கள்.

ஐந்து ஆண்டுகளுக்குள் வெள்ளம், வறட்சி, மறுபடியும் வெள்ள எச்சரிக்கை. மேலே இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு ஏரிகள் ஆழமாக, கால்வாய் அடைபடாமல் இருந்தால் இரண்டு பிரச்சினையும் குறையும். மழை நாளில் அவை தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், கோடையில் நிலத்தடி நீராகத் திருப்பித் தரும். அடையாற்று வெள்ளத்தைத் தேக்க ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கும் பணியை அரசு எடுத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007 முதல் தமிழ்நாட்டில் உள்ளது. ஏரியின் எல்லையை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்ற இது அதிகாரம் தருகிறது.

2023இல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் வேறு விதமான விவாதத்தைக் கிளப்பியது. குறைந்தது 100 ஹெக்டேர் பரப்புள்ள, நீர்நிலை, ஓடை, கால்வாய் போன்றவை உள்ளே வரும் பெரிய திட்டங்களைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்து, அந்த நிலங்களை ஒருங்கிணைக்க அரசுக்கு இது வழி தருகிறது. நீர்நிலையின் கொள்ளளவும் நீரோட்டமும் குறையாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்கிறது அரசுத் தரப்பு. ஓடையை இடம் மாற்றினால் ஏரிச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள் விவசாயிகளும் சூழலியலாளர்களும்.

பக்கத்திலேயே இருக்கும் பரந்தூர் இந்த விவாதத்தின் மையம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022 ஆகஸ்டில் தேர்வான இடம் இது. 13 கிராமங்களின் நிலம் இதில் வருகிறது. மேலே சொன்ன கம்பன் கால்வாய் திட்டப் பகுதிக்குள்ளேயே ஓடுகிறது. ஏகனாபுரம் மக்களின் தொடர் போராட்டத்தில் ஏரிகளும் இந்தக் கால்வாயும் முக்கியக் கோரிக்கை. நீரியல் பாதிப்பை ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் அரசு குழு அமைத்தது. கால்வாயை எப்படித் திருப்பினாலும் அதன் கீழே இருக்கும் ஏரிகளுக்கு அதே அளவு தண்ணீர், அதே நேரத்தில் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

தலைகீழாக ஓடும் ஒரு ஆறு

இந்தப் பகுதியில் கோடையிலும் நிற்காமல் ஓடும் ஒரு தண்ணீர் உண்டு. அது குழாய்க்குள் ஓடுகிறது, அதுவும் கிழக்கிலிருந்து மேற்கே.

சென்னையின் கழிவுநீரை மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு செய்து, ஆர்.ஓ. முறையில் வடிகட்டும் ஆலை கோயம்பேட்டில் 2019இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் திறன் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வருகிறது.

இங்கே பெய்த மழை செம்பரம்பாக்கம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னை அதைக் குடித்து, குளித்து, கழிவாக்குகிறது. அது சுத்தமாகி மறுபடி இங்கேயே தொழிற்சாலைக்கு வருகிறது. ஏரித் தண்ணீர் மீதும் நிலத்தடி நீர் மீதும் இருக்கும் சுமையைக் குறைக்க இது நல்ல வழி. ஆனால் சுற்றின் முதல் படி இன்னும் ஏரியும் கால்வாயும்தான்.

இங்கே வீடு, மனை பார்க்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

* கோடையில் மட்டும் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு பெரிய மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள்.
* அருகில் இருக்கும் ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். "ஏரி கோடி போனா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்ற ஒரு கேள்வி போதும். கரைக்கு ஆயக்கட்டுப் பக்கம், உள்வாய்ப் பக்கம் என்று இரண்டு உண்டு. உள்வாய்ப் பக்கம் மனை என்றால் அது ஏரிக்குள் மனை.
* கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே ஏரி, ஓடை, கால்வாய், மேய்க்கால் என்று இருந்தால் வாங்க வேண்டாம். அரசின் இ-சேவை இணையதளத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் விவரம் கிடைக்கும். பத்திரப் பதிவு ஆகிவிட்டது என்பதாலேயே புறம்போக்கு பட்டா நிலம் ஆகிவிடாது.
* மனையைச் சுற்றிச் சாலை உயரமாக இருந்தால் தண்ணீர் வெளியேற எங்கே சிறு பாலம் இருக்கிறது என்று பாருங்கள்.
* பெயரில் தாங்கல், ஏரி, மடு, குளம் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது.
* வாடகைக்கு இருப்பவர்கள், நவம்பர், டிசம்பரில் வானிலை எச்சரிக்கையோடு அருகில் இருக்கும் ஏரியின் நிலவரத்தையும் பாருங்கள். ஏரி 100 சதவீதம் நிரம்பிய பிறகு வரும் மழைதான் வீட்டுக்குள் வரும் மழை.

கடைசியாக

அடுத்த முறை ஒரகடம் சாலையில் போகும்போது அந்தக் காய்ந்த சிறு பாலத்தைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது ஆறு ஓடும் பாதை. ஆறு இப்போது ஊரில் இல்லை, அவ்வளவுதான். ஐப்பசியில் திரும்பி வரும்போது அதே வழியாகத்தான் வரும். வழி திறந்திருந்தால் ஏரிக்குப் போகும். மூடியிருந்தால் வீட்டுக்குள் வரும்.